கப்பல் மும்பையில் நிற்கும் ஒரு பகல்: கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து என் சித்தியும் சித்தப்பாவும் கப்பலில் மும்பைக்கு வந்து இறங்கியபோது சித்தியின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. கேட்வே, தோபி காட், தாராவி, மணி பவன், மரைன் டிரைவ், கொலாபா, கிராஃபோர்ட் மார்க்கெட், சோர் பஜார். எட்டு இடம். கப்பல் புறப்படுவது மாலை ஆறு மணிக்கு. பட்டியலை வாங்கி மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சித்தி" என்றேன். யோசிக்கவே இல்லை அவர். "கடைத்தெரு" என்றார்.

அன்றைக்கு நாங்கள் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினைந்து வருடங்களுக்கு மேல் ஃபோர்ட் பகுதியில் வேலை பார்த்தவள் என்பதால், அதற்குப் பிறகும் கப்பலில் வந்த உறவினர், நண்பர் என்று நாலைந்து பேரை இதே வழியில் கூட்டிப் போயிருக்கிறேன். மொத்த தூரம் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பைக்குப் புதியவர் தனியாகவே போய் வரலாம்.

கப்பலில் இருக்கும்போதே

முதலில் காகிதம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நாலு மணி நேரம் இறங்குவதற்கும் இந்திய விசா எடுத்திருக்க வேண்டும். மும்பை, சென்னை, கொச்சி துறைமுகங்களில் இ-விசா செல்லும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா தேவையில்லை. கப்பலில் ஏறிய பிறகு இதையெல்லாம் சரிசெய்ய முடியாது, புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களும் புகைப்படம் உள்ள அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் அட்டை எப்படியும் இருக்கும்.

அடுத்தது கிழமை. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை ஷட்டரை இறக்கிவிடும், மங்கள்தாஸ் துணி மார்க்கெட்டும் அப்படித்தான். சோர் பஜார் கடைகளுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. உங்கள் கப்பல் ஞாயிறன்று வருகிறது என்றால் இந்தக் கட்டுரையின் கடைசிக்கு முந்தைய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

மூன்றாவது, கைக்கடிகாரம். சில கப்பல்கள் இந்திய நேரத்துக்கு மாறாமல் தங்கள் நேரத்திலேயே ஓடும். இந்திய நேரத்தில் இருக்கும் அந்த அரை மணி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம். கரையில் இறங்கியதும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், மனசு கப்பல் நேரத்திலேயே நிற்கும். எத்தனை மணிக்குள் கப்பல் ஏற வேண்டும் என்று கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துறைமுக ஏஜெண்டின் போன் எண்ணும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

எட்டு மணிக்குக் கப்பல் வந்துவிட்டது, ஆறு மணிக்குத்தான் கிளம்பும், ஆக பத்து மணி நேரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மைக் கணக்கு வேறு. ஆறு மணிக் கப்பலுக்கு ஐந்து மணிக்குள் உள்ளே இருக்கச் சொல்வார்கள். துறைமுக வாசல் சோதனை, உள்ளே போகும் பஸ், டெர்மினல் வரிசை எல்லாம் சேர்த்து நாலு மணிக்கு வாசலுக்கு வந்துவிட வேண்டும். காலையில் குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்பதரை ஆகிவிடும். மிச்சம் ஆறரை மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கும் உட்காரவும் போய்விடும்.

அது போக, மும்பைக் கடைகள் சோம்பேறிகள். பத்தரை, பதினொன்றுக்கு முன்னால் துணிக்கடையோ நகைக்கடையோ முழுதாகத் திறக்காது. ஒன்பதரைக்கு வெளியே வந்து நேராகக் கொலாபாவுக்கு ஓடினால் பூட்டிய கடைகளைத்தான் பார்ப்பீர்கள். காலையில் உயிரோடு இருப்பவை பழம், காய், பூ மார்க்கெட்டுகள். முதலில் பழம், அப்புறம் துணி, அதற்கப்புறம் வளையல் என்று நான் வைத்திருக்கும் வரிசைக்குக் காரணம் அதுதான்.

வாசலிலிருந்து வி.டி. வரை

பயணிகள் கப்பல் வந்து நிற்பது பாலார்ட் பியரில். துறைமுகத்துக்குள் இஷ்டப்படி நடக்க முடியாது, படமும் எடுக்கக் கூடாது. வாசல் வரை பஸ் விட்டால் அதிலேயே வந்துவிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த வாசலின் பெயர் 'கிரீன் கேட்'. இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போது டாக்சிக்காரரிடம் கப்பல் பெயரைச் சொல்லிப் பயனில்லை. "பாலார்ட் பியர், கிரீன் கேட்" என்றால் போதும்.

வெளியே வந்ததும் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். "மேடம், தோபி காட், ஸ்லம் டூர், ஹேங்கிங் கார்டன், ஃபிஃப்டி டாலர்!" கோபப்பட வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம், அப்படியே நடந்துவிடுங்கள். நூறடி தாண்டினால் பாலார்ட் எஸ்டேட்டின் மரநிழல் தெருக்கள் வந்துவிடும், தொடர்ந்து வருபவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

தென்மும்பையில் ஆட்டோ கிடையாது, அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கறுப்பு மஞ்சள் டாக்சிதான், 'காலி பீலி' என்பார்கள். மீட்டர் போடச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய். கிராஃபோர்ட் மார்க்கெட் வரை மீட்டரில் நூறு ரூபாய் ஆவதே அபூர்வம். கேட் வாசலில் நிற்கும் டாக்சி ஐந்நூறு சொல்லும். இரண்டு தெரு தள்ளிப் போய், ஓடிக்கொண்டிருக்கும் டாக்சியைக் கைகாட்டி நிறுத்துங்கள்.

நடக்க முடிந்தவர்கள் நடந்தே போங்கள். இருபது நிமிடத்தில் ரயில் நிலையம் வந்துவிடும். வழியில் தலைமைத் தபால் நிலையத்தின் பெரிய கும்மட்டம் தெரியும், பீஜப்பூர் கோல்கும்பஸை மாதிரியாக வைத்துக் கட்டியது. அதை ஒட்டித்தான் வி.டி. பழைய விக்டோரியா டெர்மினஸ், 1880களில் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் கட்டியது, 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இப்போது அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், எழுத்தில் சி.எஸ்.எம்.டி. ஆனால் பழைய ஆட்கள் வாயில் இன்னும் வி.டி.தான். சந்துக்குள் வழி தொலைந்தால் யாரிடம் வேண்டுமானாலும் "வி.டி. கிதர் ஹை?" என்று கேளுங்கள், கையை நீட்டிவிடுவார்கள். குறுகிய சந்துகளில் போன் மேப் குழம்பும், நீட்டிய கை குழம்பாது. ஸ்டேஷன் வாசலில் சாலையை நேரே கடக்க முயலாதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது.

கிராஃபோர்ட் மார்க்கெட்

வி.டி.யிலிருந்து வடக்கே பத்து நிமிட நடை. மணிக்கூண்டு தெரியும். 1869இல் கட்டி முடித்த சந்தை இது. நகரத்தின் முதல் முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டின் பெயரை வைத்தார்கள். இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டி. உள்ளே போகுமுன் ஒரு நிமிடம் நிமிர்ந்து வாசல் வளைவுகளின் மேலே பாருங்கள். உழவர்களும் சந்தை மனிதர்களும் செதுக்கிய கல் சிற்பங்கள் இருக்கும். எதிரே இருக்கும் ஜே.ஜே. கலைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த லாக்வுட் கிப்ளிங்கின் கைவண்ணம். கீழே நடக்கும் நெரிசலில் பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

உள்ளே நுழைந்ததும் தலையில் சும்மாடும் இடுப்பில் பெரிய கூடையுமாக ஒருவர் பக்கத்தில் வந்து நடப்பார். சந்தைக் கூலியாள். நீங்கள் வாங்குவதையெல்லாம் கூடையில் சுமந்து வருவார். வேண்டாம் என்றால் முதல் கடையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நாலு கடை கூடவே வந்த பிறகு சொன்னால் அவர் கேட்கும் காசு நியாயம்தான்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை வந்தால் மாம்பழம். அல்போன்சாவை அங்கே 'ஹாபூஸ்' என்பார்கள். விலை டஜன் கணக்கு, பெரிய பெட்டிக்குப் 'பேட்டி'. எல்லாக் கடைக்காரரும் ரத்னகிரி, தேவ்கட் என்றுதான் சத்தியம் செய்வார்கள். காம்பருகே மோந்து பாருங்கள். மணம் இல்லையென்றால் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழத்தைக் கப்பலுக்குள் கொண்டு போக விட மாட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். நான் இரண்டு பழம் மட்டும் வாங்கி, அங்கேயே கழுவி, சித்தப்பாவிடம் கொடுத்தேன். சட்டையெல்லாம் சாறு.

உலர்பழம், முந்திரி, பாதாம் இங்கே வாங்கலாம். கடைக்காரர் ருசிக்க ஒன்று கொடுப்பார். அதைத் தின்றுவிட்டு, மூட்டையில் வேறு இடத்திலிருந்து ஒன்றை நீங்களே எடுத்துத் தின்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வாங்குங்கள்.

சாலைக்கு எதிரே பாத்ஷா கோல்ட் டிரிங்க்ஸ், ஃபலூதாவுக்குப் பேர்போன பழைய கடை. உட்கார இடமும் மின்விசிறியும் இருக்கும், பதினொன்று மணி வரை நேரம் போக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

மங்கள்தாஸ்: துணி வாங்கும் முறை

கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு எதிரே வடக்கு நோக்கிப் போகும் ஷேக் மேமன் தெருவில் நுழைந்தால் இடது கையில் மங்கள்தாஸ் மார்க்கெட். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கூரைக்கடியில் நிழல், இரண்டு பக்கமும் தரையிலிருந்து உச்சி வரை துணிச் சுருள். ஒரு சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பித்தான் போக வேண்டும்.

இங்கே என்ன வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பட்டுச் சேலை வாங்காதீர்கள். காஞ்சிபுரம் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வாங்க வேண்டியவை குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பக்கத்துச் சரக்கு: கட்ச் அஜ்ரக் அச்சுத் துணி, பந்தேஜ் என்ற முடிச்சுச் சாயத் துணி, கோட்டா என்ற மெல்லிய கட்டத் துணி, சந்தேரி துப்பட்டா. நம்மூர்ப் பெரிய கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விற்கும் துணி இங்கே மூட்டையாகக் கிடக்கும்.

மீட்டர் விலை கேட்பதற்கு முன்னால் துணியின் அகலத்தைக் கேளுங்கள். அகலத்துக்கு அங்கே 'பன்னா' என்று பேர். "பன்னா கித்னா?" என்ற ஒரே கேள்வியில் கடைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். 36 அங்குலத் துணியும் 44 அங்குலத் துணியும் ஒரே விலை சொல்லப்படும்போது, எது மலிவு என்று கணக்குத் தெரிந்தவருக்குத்தான் புரியும். 44 அங்குலத்தில் ஒரு சுடிதார் டாப்புக்கு இரண்டரை மீட்டர் தாராளம். பருத்தி என்றால் கால் மீட்டர் கூட வாங்குங்கள், முதல் அலசலில் சுருங்கும்.

சித்தி ஒரு நீல அஜ்ரக்கைப் பிடித்துக்கொண்டார். கடைப் பையன் சுருளை எடுத்து ஒரு உதறு உதறினான், ஆறு மீட்டர் துணி மேசையைத் தாண்டி எங்கள் மடியில் வந்து விழுந்தது. இரும்புக் கோலை வைத்து அளந்தான், விளிம்பில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு, அப்புறம் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பற்றி ஒரே இழு. பர்ரென்று நூல் பிடித்து நேராகக் கிழிந்தது. கிழிந்த ஓரத்தைச் சித்தி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பருத்திதான்" என்றார். கலப்புத் துணி அவ்வளவு சுலபமாகக் கிழியாது என்பது அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது.

வெள்ளை மெத்தை விரித்த கடை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டால் டீ வரும். டீ குடித்ததால் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை, ஐம்பது சுருளைப் பிரித்துப் போட்ட பிறகு "தேக்கே ஆத்தே ஹை", அதாவது பார்த்துவிட்டு வருகிறோம், என்று எழுந்து போகிறவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

பேரமும் இந்திக் கணக்கும்

மங்கள்தாஸில் விலை அதிகம் இறங்காது. பத்து சதவீதம் குறைத்தால் உங்கள் சாமர்த்தியம். 'ஃபிக்ஸ் ரேட்' என்று எழுதிப் போட்ட கடையில் கேட்கவே வேண்டாம். தெருவோரத்தில் கதை வேறு. புலேஷ்வர் நடைபாதையில் சொன்ன விலையில் முக்கால், கொலாபாவில் பாதிக்கும் கீழே என்று ஆரம்பிக்கலாம். வாங்கும் எண்ணம் இல்லாமல் மட்டும் விலை சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சரியென்றுவிட்டால் நகர்ந்து போவது அழகில்லை.

காலையில் முதல் ஆளாகப் போனால் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழுந்த மாதிரி இருக்கும். "போஹ்னீ கா டைம் ஹை." நம்மூர்ப் போணிதான். முதல் வியாபாரம் தட்டிப் போகக் கூடாது என்று அங்கேயும் நினைப்பார்கள். கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், ஆனால் போணி நேரத்தில் அரை மணி பேரம் பேசிவிட்டு வாங்காமல் வந்தால் முகம் சுண்டிவிடும்.

கூப்பிடும் முறை: கடைக்காரர் எந்த வயதானாலும் "பையா". நரைத்த தாடி முஸ்லிம் பெரியவரை "சாச்சா". பூ, காய் விற்கும் மராத்தி அம்மாவை "மாவ்ஷி", நம் சித்தி, பெரியம்மா மாதிரி. "மாவ்ஷி" என்று கூப்பிட்டால் கைப்பிடிப் பூ கூட விழும்.

இப்போது முக்கியமான விஷயம். ஏக், தோ, தீன் தெரிந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் விழுவது இந்திக்காரர்களின் அரைக் கணக்கில்தான். சவா சௌ என்றால் 125. டேட் சௌ 150. பௌனே தோ சௌ 175. டாயீ சௌ 250. சாடே தீன் சௌ 350. அவர்கள் 'ஏக் சௌ பச்சாஸ்' என்று சொல்வது அபூர்வம், எப்போதும் டேட் சௌ.

சித்தி புலேஷ்வரில் ஒரு துப்பட்டாவை எடுத்தார். "டாயீ சௌ" என்றார் கடைக்காரர். சித்திக்கு டாயீ தெரியாது. ஏதோ பெரிய தொகை என்று நினைத்துக்கொண்டு, கண்டிப்பான குரலில், "நஹீ நஹீ. தோ சௌ பச்சாஸ்!" என்றார். கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "சரி மாஜி, உங்களுக்காக" என்று இந்தியில் சொல்லிவிட்டுத் துப்பட்டாவை மடிக்க ஆரம்பித்தார். நான் கப்பல் கிளம்பும் வரை சித்தியிடம் சொல்லவில்லை.

புரியவில்லை என்றால் கால்குலேட்டரை நீட்டுங்கள், எல்லாக் கடையிலும் இருக்கும். தமிழில் பேசிப் பார்ப்பதிலும் தப்பில்லை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று இந்த ஊரில் நம் ஆட்கள் நிறைய, மார்க்கெட்டுக்குள் எங்காவது ஒரு திருநெல்வேலிக் குரல் பதில் சொல்லிவிடும்.

பணம்: இந்திய வங்கிக் கணக்கு இருந்தால் யூபிஐ எல்லா இடத்திலும் ஓடும், எலுமிச்சம்பழக்காரரிடமும் கியூஆர் அட்டை தொங்கும். வெளிநாட்டு அட்டையை நம்பி வராதீர்கள், சந்துக் கடைகளில் தேய்க்க இயந்திரம் இருக்காது. நூறு, ஐம்பது ரூபாய் நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பணத்தை உள்பையிலும் அன்றைக்குச் செலவுக்கானதைத் தனியாகவும். தோள்பையை முன்னால் மாட்டுங்கள். காலுக்கு விரல் மூடிய செருப்பு நல்லது. பின்னாலிருந்து "பாஜூ! பாஜூ!" என்று சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிவிடுங்கள். சரக்கு ஏற்றிய கைவண்டி. இழுப்பவரால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

மும்பாதேவியும் புலேஷ்வரும்

மங்கள்தாஸை விட்டு அதே தெருவில் மேலே நடந்தால் ஜும்மா மசூதி. பழைய குளம் ஒன்றின் மேல் எழுப்பியது, அந்தக் குளம் இன்னும் உள்ளே இருக்கிறது. தாண்டினால் ஜவேரி பஜார், தங்கக் கடல். நாலைந்து மணி நேரத்துக்கு ஊருக்குள் வந்தவர் இங்கே தங்கம் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நகை அவசரத்தில் வாங்கும் பொருளில்லை. பார்த்துக்கொண்டே நடங்கள். கடை ஜன்னலைவிடத் தரையைப் பாருங்கள். பட்டறைகள் இருக்கும் சந்துகளில் சிறு துடைப்பமும் தகரச் சட்டியுமாகச் சிலர் குனிந்து தூசியைக் கூட்டி அள்ளுவார்கள். குப்பை அள்ளுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொற்கொல்லர்களின் உடையிலும் காலிலும் ஒட்டி வந்து உதிர்ந்த தங்கத்துகளைக் கழுவிப் பிரித்து எடுக்கத்தான் அந்தத் தூசி.

தெரு முடிவில் மும்பாதேவி கோயில். இந்த ஊருக்கே பெயர் கொடுத்த அம்மன். நம்மூர்க் கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள், கடைகளுக்கு நடுவில் சின்னக் கோயில். கூட்டமில்லாத நாளில் பத்து நிமிடத்தில் கும்பிட்டு வந்துவிடலாம்.

அங்கிருந்து மேற்கே சந்துகளில் புகுந்தால் புலேஷ்வர். வளையல், பாசி, லேஸ், ஜரிகைக் கரை, கவரிங் நகை, சாமிக்கு உடுத்தும் குட்டிப் பாவாடை என ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சரக்கு. பூச்சந்தும் உண்டு. கொலுப் பொம்மைக்கு உடுத்திவிட, கிருஷ்ணர் சிலைக்குக் கிரீடம் வைக்க என்று தேடுகிறவர்களுக்கு இங்கே திகட்டும். பரிசுப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் மும்பையில் எனக்குத் தெரியவில்லை. எடை கிடையாது, உடையாது, விலையும் குறைவு. கண்ணாடி வளையல் மட்டும் உடையும், அதற்கு அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டுமென்றால் மும்பாதேவிக்குப் பக்கத்திலேயே தாம்பா காண்டா. விலை எடைக்கு, வேலைப்பாட்டுக்குக் கொஞ்சம் கூட.

பகல் சாப்பாடு இந்தப் பக்கமே முடித்துவிடலாம். காலபாதேவியில் 'தாலி' என்ற குஜராத்தித் தட்டுச் சாப்பாடு போடும் பழைய சாப்பாட்டுக்கடைகள் இருக்கின்றன. ஶ்ரீ தாக்கர் போஜனாலய் அவற்றில் பிரபலமானது. பருப்பில் வெல்லம் இருக்கும், முதல் வாயிலேயே முகத்தைச் சுளிக்காதீர்கள். வயிறு எச்சரிக்கை: தெருவில் வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட சாறு, தண்ணீர் நிரப்பிய பானிபூரி மூன்றையும் விட்டுவிடுங்கள். சட்டியிலிருந்து நேராக வரும் வடாபாவ் சாப்பிடலாம். கழிப்பறைக்குச் சாப்பாட்டுக்கடையையே பயன்படுத்திக்கொள்ளுங்கள், சந்துகளில் தேடி அலைவது வீண்.

கிழமை சரியில்லை என்றால்

ஞாயிறன்று வந்தவர்களுக்குக் கொலாபா காஸ்வே. ரீகல் தியேட்டரிலிருந்து தெற்கே நடைபாதை முழுக்கக் கடை, காது வளையம், பை, செருப்பு, சுற்றுலாப் பயணிக்கென்றே செய்த பித்தளைச் சாமான். விலை அநியாயம், பேரம் சுவாரசியம். கேட்வே பக்கத்திலேயே இருப்பதால் ஒரே நடையில் முடியும்.

பழைய பொருள் பைத்தியம் உள்ளவர்களுக்கு சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட். புலேஷ்வரிலிருந்து டாக்சியில் போகலாம், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். அங்கே 'ஆன்டிக்' என்று காட்டும் கிராமபோன், திசைகாட்டி, பித்தளைத் தொலைபேசி பெரும்பாலும் புதிதாகச் செய்து பழசாக்கியவை. அழகுக்கு வாங்குங்கள், பழமைக்குக் காசு கொடுக்காதீர்கள். நிஜமாகவே நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளாக இருந்துவிட்டாலும் சிக்கல்தான், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு போக முடியாது.

மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வரலாமா என்று ஒவ்வொரு தமிழரும் கேட்கிறார். இன்றைக்கு வேண்டாம். அது எதிர்த் திசை.

திரும்பும் வழி

மூன்று மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். அந்த நேரத்தில் முகமது அலி ரோட்டிலும் வி.டி. வாசலிலும் டாக்சி நகராது. புலேஷ்வரிலிருந்து வி.டி. வரை நடந்து, அங்கிருந்து டாக்சி பிடித்தால் நிம்மதி. கால் வலி தாங்காது என்றால் மெட்ரோ மூன்றாம் தடம் இருக்கிறது, காலபாதேவியில் ஏறினால் அடுத்த நிலையமே சி.எஸ்.எம்.டி.

கப்பல் சோதனையில் எதைப் பிடித்து வைப்பார்கள் என்பதை வாங்கும் முன்பே நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கத்தி, அரிவாள்மனை, மின்சார நீட்டிப்பு ஒயர். மயிலிறகு இந்தியாவை விட்டே வெளியே போகக் கூடாத பொருள். சித்தி ஆசையாக வாங்கிய மைசூர் ஊதுபத்தி ஆறு பாக்கெட்டையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பயணம் முடியும் நாளில் திருப்பித் தருவார்களாம். "நெருப்புப்பெட்டி கூட இல்லையே என்கிட்ட" என்று அவர் வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை.

எல்லாம் முடிந்து அரை மணி மிச்சமிருந்தால் பாலார்ட் எஸ்டேட்டிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அங்கே பிரிட்டானியா என்ற பழைய பார்சி உணவகம் உண்டு, 1923இல் தொடங்கியது, பெர்ரி புலாவ் பிரசித்தம். ஆனால் அது பகல் சாப்பாட்டுக் கடை, நாலு மணிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அது மூடியிருந்தால் கிரீன் கேட்டுக்கு முன்னால் தெருமுனை டீக்கடையில் "கட்டிங்" என்று கேளுங்கள். அரைக் கிளாஸ் டீ, இஞ்சி தூக்கலாக. பையில் மிஞ்சியிருக்கும் பத்து ரூபாய்த் தாள்களை அங்கே தீர்த்துவிட்டு, கப்பல் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.